ஜீப்புக்கு வயர்லெஸ் வாங்க ராயபுரம் போனோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதுவும் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். மழைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற நாட்களைக் கழித்தால் அதில் பாதிகூடத் தேறாது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் மகள் முகத்தைப் பார்ப்பேன். எங்கள் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சின்னப் பத்திரிகை போடுகிறார். "வாயைத் திறந்துதான் பேச மாட்டேங்கறீங்க, மெட்ராஸ் போய்வந்ததை எழுதியாவது குடுங்கம்மா" என்று தாளை வைத்துவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பொன்னுத்தாய். ஆனைமலைக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறேன். ஓய்வு கொடுக்கிற வரைக்கும் கொழுந்து பறித்தேன். பஸ் கீழே ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் லைனுக்குக் காட்டுப் பாதை, கல்லும் சேறும். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட பழைய ஜீப் ஒன்றை லைன்காரர்கள் சேர்ந்து வாங்கி வைத்திருக்கிறோம். ஏசுதாஸ் ஓட்டுகிறான். நோயாளியை இறக்குவதென்றால் அதுதான்.

போன மழைக்காலத்தில் என் மூத்தவள் சரோஜாவைப் பிரசவத்துக்கு அந்த ஜீப்பில் இறக்கினோம். பலாமரத்து வளைவில் வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. ஏசுதாஸ் ஆள் கூட்டி வர நடந்து போனான். பாதையில் யானை நின்றதால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். அவன் ஆட்களோடு வருவதற்குள் சரோஜா என் மடியிலேயே போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இப்போது இளையவள் தவமணி உண்டாகியிருக்கிறாள். ஆடியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். ஆடி என்றால் எங்களுக்குக் கொட்டுகிற மழை. செல்போன் கீழே இருப்பவர்களுக்குத்தான், எங்கள் மலையில் அது ஊமை. அதனால் ஜீப்பில் ஒரு வயர்லெஸ், கீழே ஆஸ்பத்திரியில் ஒரு வயர்லெஸ் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எழுதிப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டார். கோயம்புத்தூரில் கேட்டால், சொல்லித்தான் தருவிக்க வேண்டும், மழை முடிந்துதான் வரும் என்றார்கள். என் நாத்தனார் மகள் கஸ்தூரி மெட்ராஸில் கொருக்குப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் புருஷன் பெயர் டில்லி. அவன்தான், ராயபுரத்தில் ஒரு பாய் இருக்கிறார், பழைய செட்டுகளைச் சரி பண்ணிக் கையோடு கொடுப்பார் என்று சொல்லி அனுப்பினான்.

ஏசுதாஸ் போவதென்று ஆயிற்று. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாவுக்காகப் பொதுவில் எதை வாங்கினாலும் அந்த வீட்டு ஆள் ஒருவர் கூடப் போய்த் தொட்டு எடுக்க வேண்டும். நாளைக்கு அந்தப் பொருள் பழுதானால் யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பதற்காக வைத்தது. எங்கள் வீட்டில் போகக்கூடிய ஆள் நான்தான்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். சரோஜா போனதிலிருந்து ஏசுதாஸும் நானும் பேசிக்கொண்டதில்லை. என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். நான் பொதுவாகவே பேசாதவள். அவன் கையில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தான். ஜீப்பின் கூரைக்கும் பாட்டரிக்கும் எவ்வளவு தூரம், வயர் எந்த வழியாக வளைய வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிச்சுகளில் இருந்தது. வழி முழுக்க அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தான்.

மெட்ராஸில் இறங்கி மின்சார ரயிலில் ஏறியதும் முதல் கோளாறு. கொருக்குப்பேட்டை வந்தபோது என்னால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்க முடியவில்லை. "வழி விடுங்க" என்று சொன்னேன், அது எனக்கே கேட்கவில்லை. ரயில் எங்களை அடுத்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. தண்டவாளத்து ஓரமாக நடந்தே திரும்பினோம். ஒரு பக்கம் சரக்கு ரயில்கள், மறுபக்கம் அதைத் தொட்டுக்கொண்டு வீடுகள். கொடியில் வெள்ளைச் சட்டை காய்ந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், கரி படிந்து அது வெள்ளையாக இல்லை.

"இன்னா அத்தே, நடந்தா வர்ற?" என்று கஸ்தூரி வாசலுக்கு ஓடிவந்தாள். "பக்கத்துல கீற ஆளை ஒரு இடி இடிச்சிருந்தா தானா வழி உட்டிருப்பான். இந்த ஊர்ல வாய வெச்சிகினு கம்முனு கீறவன் வூடு போய்ச் சேரமாட்டான்."

காலைப் பலகாரத்துக்கு இட்லியும் வடகறியும் கடையிலிருந்து வாங்கி வந்தாள். வடையை உதிர்த்துக் குழம்பாக்குவார்கள் என்பது எனக்குப் புதிது. ருசியாக இருந்தது. இரண்டாவது இட்லி கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. கஸ்தூரி கேட்காமலே வைத்தாள்.

அன்றைக்குத் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு அவளுடன் நின்றேன். எங்கள் ஊரில் தண்ணீர் ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கிறது. இங்கே அது இல்லாமல் ஆளை ஆள் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் எங்காவது சமமாக ஊற்ற முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு ராயபுரம் போகக் கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று கேட்டுக்குக் குறுக்கே வந்து நின்றேவிட்டது. பஸ், லாரி, சைக்கிள், மாட்டுவண்டிகூட நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோவில் வயசான மனிதர் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அவர் மனைவி வாயில் சேலையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், போன் போட்டுச் சொல்லுங்கய்யா, வண்டிய எடுக்கச் சொல்லி!" என்று ஒருவர் கத்தினார்.

"யாருக்குப் போடறது நைனா? இந்த ரயிலுக்கு நம்பர் கீதா?" என்றான் ஆட்டோக்காரன்.

நாலைந்து பேர் கையில் செல்போன் இருந்தது.  இத்தனை போன் இருந்தும் இந்த மனிதரும் சேற்றில் மாட்டிய மாதிரிதானே நிற்கிறார்.

பக்கத்தில் பார்த்தால் ஏசுதாஸைக் காணோம். அவன் ஆட்டோவுக்குள் குனிந்து அந்தப் பெரியவரை முதுகில் தூக்கியிருந்தான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கிற கொக்கிக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். ரயில் அசைந்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே முடிந்திருப்பார்கள். கூட்டம் கத்தியது. அந்தப் பக்கம் வேறொரு ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். சட்டை முழுக்கக் கருப்பு எண்ணெய். ஒருவர் அவன் தோளைத் தட்டினார். "உனுக்குப் பைத்தியமா மாமு?" என்றார் இன்னொருவர். அவன் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றை எடுத்து முடிச்சை எண்ண ஆரம்பித்தான்.

அந்தப் பெரியவர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

ராயபுரத்தில் பழைய ஸ்டேஷனைத் தாண்டி, மாதா கோயிலுக்குப் பின்னால், வலை காய்கிற சந்து ஒன்றில் மஸ்தான் பாயின் கடை. கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. கடைக்குள் ஆள் நிற்க இடமில்லை. கப்பலிலிருந்து கழற்றின செட்டுகள், வெள்ளை ஒலிபெருக்கிகள், ஆள் உயரத்துக்கு மேல் கம்பிகள். டீச்சர் அதை ஆன்டெனா என்று எழுதச் சொன்னார். பாய் ஏரியல் என்றுதான் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஏசுதாஸ் நேராகப் பெரிய கப்பல் செட்டு ஒன்றின் முன்னால் போய் நின்றான். அதன் பக்கத்தில் எட்டடி உயரத்தில் ஒரு வெள்ளை ஏரியல். "இதுதான் வேணும் பாய்" என்றான்.

"சோக்காத்தான் கீது," என்றார் பாய். "கப்பலுக்கு. நீ இன்னா கப்பலா ஓட்டற? அது கப்பல்காரன் பேசற நம்பர்ல பேசும் நைனா. உன் லைசென்ஸுல போட்டுக்கீற நம்பர்ல மட்டும்தான் நீ பேசணும். மீறிப் பேசினா பதில் வராது, போலீசுதான் வரும்."

அப்புறம் எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். எங்கிருந்து எங்கே பேச வேண்டும், ஜீப்புக்கு இரும்புக் கூரையா தார்ப்பாயா, ஆட்டம் அதிகமா என்றெல்லாம். ஏசுதாஸ் கயிற்றை விரித்துக் காட்டினான். பாய் அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பலே" என்றார்.

வாடகைக் கார்க் கம்பெனி ஒன்றில் கழற்றிய செட்டுகள் இரண்டை எடுத்தார். செங்கல் அளவுதான் இருந்தன. எங்கள் நம்பருக்கு மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். பாட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்க வேண்டும், இரண்டு வயரிலும் பியூஸ் வைக்க வேண்டும், ஆட்டத்தில் திருகு கழலாமல் ரப்பர் வைத்து முடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஏசுதாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கண் மட்டும் அந்த எட்டடிக் கம்பியிலேயே இருந்தது.

"பெருசா இருந்தா தூரம் போகுமில்ல பாய்?"

பாய் டார்ச் விளக்கு ஒன்றை எடுத்தார். முன்பக்கத்தைத் திருகினார். வெளிச்சம் ஒரு புள்ளியாகக் குவிந்து எதிர்ச் சுவரில் விழுந்தது. "இதான் உன் எட்டடி. தூரம் போவும். ஆனா நேராத்தான் போவும். ஜீப்பு பள்ளத்துல மூக்கை நுழைச்சா, வெளிச்சம் பூமில போயி குத்தும்." மறுபடி திருகினார். வெளிச்சம் மங்கி, கடை முழுக்க, கூரை, தரை, என் கால் எல்லாவற்றிலும் பரவியது. "இது சின்னக் கம்பி. தூரம் கம்மி. ஆனா வண்டி எப்பிடிச் சாஞ்சாலும் மேல கீழ எல்லாப் பக்கமும் படும். மலைக்கு இதான். மரக்கிளை அடிச்சாலும் வளையற மாதிரி அடியில ஸ்பிரிங்கு."

தார்ப்பாய்க் கூரையில் கம்பி நிற்காது என்றார். பேச்சு போகாது என்று அர்த்தம். ஒரு சோற்றுத் தட்டைக் கவிழ்த்து அதன் நடுவில் கம்பியை நிறுத்திக் காட்டினார். மனுஷன் தாவுவதற்குக் காலுக்குக் கீழே தரை வேண்டும், அதுபோலக் கம்பிக்குக் கீழே தகரம் வேண்டும். ஜீப்பின் கூரைச் சட்டத்தில் தகரத் தகடு ஒன்றை முடுக்கி அதன் நடுவில் ஏரியலை வைக்கச் சொன்னார்.

"வண்டியை விட்டுட்டு நடந்து போக வேண்டி வந்தா?" என்று ஏசுதாஸ் கேட்டான். அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பாய் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் பிடிக்கிற செட்டு ஒன்றையும் எடுத்து வைத்தார்.

வயருக்கான பாட்டரி முனை வாங்க ஏசுதாஸ் வெளியே போனான். அப்போதுதான் பாய் கம்பியை வெட்டினார். "இந்த அளவு தப்பக்கூடாதும்மா. தப்பினா பேச்சு வெளியே போவாம செட்டுக்குள்ளயே திரும்பி, சூடாயி செத்துடும். ஒடிஞ்சா வேற கம்பி வெட்டிக்கலாம். மலைல டேப்பு எங்க தேடுவ? கைய வைங்க." நான் என் சாணை வைத்தேன். இரண்டரைச் சாண் வந்தது. எதிலிருந்து எதுவரைக்கும் என்று அவர் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

அந்த நேரம் அவர் மனைவி மேலிருந்து இறங்கி வந்து உருதுவில் ஏதோ சொன்னாள். கஸ்தூரிக்கு அது புரியும். சிரித்துக்கொண்டு, "'அந்தப் பொம்பளை சாப்பிட்டாளான்னு கேளுங்க, கம்பிய அளக்கற கை கம்பி மாதிரியே கீதே'ங்கிறாங்க அத்தே" என்றாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா ஒரு தட்டில் சுறாப்புட்டு கொண்டுவந்து வைத்தாள். மீனை உதிர்த்துப் பூண்டு போட்டு வதக்கியது. எங்கள் ஊருக்கு மீன் கருவாடாகத்தான் வரும். நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சோதனை. டில்லி அத்திப்பட்டில் நிலக்கரி யார்டு ஒன்றில் ஜீப் ஓட்டுகிறான். முதலாளியிடம் கேட்டு ஜீப்பைக் கொண்டுவந்தான். அதில் செட்டையும் தகரத்தையும் பொருத்தினார்கள். பாய் இன்னொரு செட்டோடு மொட்டை மாடியில் உட்கார்ந்தார். நாங்கள் கடலோரமாக வடக்கே போனோம்.

"பாய், கேக்குதா? ஓவர்."

"நல்லா கேக்குது நைனா. உன் மூச்சுகூடக் கேக்குது."

காசிமேட்டில் கேட்டது. திருவொற்றியூரில் கேட்டது. கடல் அங்கே வீடுகளைத் தின்றுகொண்டிருந்தது. பாதி வீடு நிற்கிறது, மீதிச் சுவர் அலைக்குள் கிடக்கிறது. அப்படி ஒரு பாதி வீட்டில் ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் பாயின் குரல் கணீரென்று கேட்டது. எண்ணூரில் புகைபோக்கிகளுக்குக் கீழே கழிமுகத்தில் சாம்பல் கலந்த சூட்டுத் தண்ணீர். மார்பளவு அதில் நின்று கையால் இறால் துழாவினார்கள். அங்கேயும் கேட்டது.

"மெய்யாலுமே சோக்கு செட்டு!" என்று டில்லி ஸ்டியரிங்கில் தட்டினான். "அத்தே, நீ ஒரு வார்த்தை பேசேன்." நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். ஏசுதாஸ் சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் பல்லைப் பார்த்தேன். "நாளைக்கே ஊருக்குப் போயிடலாம் அத்தை" என்றான். என்னிடம்தான் சொன்னான்.

சாயங்காலம் எல்லோருக்கும் அத்தோ வாங்கிக் கொடுத்தான். பர்மாவிலிருந்து வந்தவர்கள் வண்டியில் விற்கிற பலகாரம். சேமியாவைப் போல நீளமாக இருப்பதைக் கையால் பிசைந்து, வெங்காயம், புளி, மிளகாய் போட்டுத் தருகிறார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு மேடுகூட நான் பார்க்கவில்லை. எல்லாம் தட்டை. நாங்கள் பேச வேண்டியது மலையில். ஆனால் அவன் சிரித்த முகத்தில் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் கஸ்தூரியின் காதில் மெல்லச் சொன்னேன்.

அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "அய்ய! கேட்டியாய்யா!" என்று தெருவுக்கே கேட்கும்படி புருஷனைக் கூப்பிட்டாள். "அத்தே சொல்லுது பாரு. இங்க மலை எங்க கீது? மலையே இல்லாத ஊர்ல மலைக்கு செட்டு டெஸ்ட்டு பண்ணிகினு வந்துக்கீறீங்க. சமுத்திரத்து மேல பேசினா எவனுக்குத்தான் கேக்காது?"

டில்லி பல்குச்சியோடு அப்படியே நின்றான். ஏசுதாஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவன் கட்டுவதை நிறுத்தினான்.

"எங்க யார்டுல கீது மலை" என்றான் டில்லி.

அத்திப்பட்டு யார்டில் நிலக்கரி மலை மலையாகக் கொட்டிக் கிடந்தது. மெட்ராஸ் வந்து நான் பார்த்த முதல் மேடு அதுதான். எங்கள் மலை பச்சை, இது கருப்பு. லாரிகள் சரிவுப் பாதையில் ஏறி மேலே கொட்டிவிட்டு இறங்கின. வேலை செய்கிற பெண்கள் கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்கத் துணி கட்டியிருந்தார்கள். ஒருத்தி இருமி இருமிக் குந்திவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பாயை மறுபடி மொட்டை மாடியில் உட்காரச் சொல்லியிருந்தோம். முதலில் வெளியில், யார்டு வாசலில் நின்று பேசினோம். பாயின் குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனாலும் கேட்டது. டில்லி ஜீப்பைக் குவியலுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"பாய், கேக்குதா? ஓவர்."

இரைச்சல்தான் வந்தது. எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி.

"பாய்! கேக்குதா?"

"ஓவர் சொல்லலியே மாமு, அதான் கோவிச்சிகினாரு" என்று டில்லி சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஏசுதாஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பொத்தானை அமுக்குகிற விரல் வெளுத்துவிட்டது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கரிமலையைப் பார்த்தேன். பலாமரத்து வளைவும் இப்படித்தான், இரண்டு பக்கமும் மேடு ஏறி நடுவில் குழியாக இருக்கும்.

ஜீப் வெளியே வந்ததும் பாயின் குரல் வந்துவிட்டது. "எங்க பூட்டீங்க? ஒரேடியா செத்துட்டீங்களே!" விஷயத்தைச் சொன்னோம். அதற்குப் பாய் சொன்னார். "இது நேராப் போற ஜாதி. மேட்டுல முட்டினா நின்னுடும்னு எனக்குத் தெரியும். நான்தான் யோசிக்கல. இத்தினி வருசமா சமுத்திரத்துக்கே செட்டு போட்டுகினு வந்தவன். சமுத்திரத்துல மேடு ஏது?"

"அப்ப இது உதவாதா?" என்றான் ஏசுதாஸ்.

"உதவும். நடுவுல ஒரு ஆள் வேணும். ரெண்டு பக்கமும் தெரியற மேட்டு மேல குந்திகினு, இங்க கேட்டதை அங்க சொல்லணும், அங்க கேட்டதை இங்க சொல்லணும். தானா சொல்ற மெஷினும் கீது. அதுக்குத் தனி லைசென்ஸு, கரண்டு எல்லாம் வேணும். உங்க மேட்டுல கரண்டு கீதா?"

இல்லை. எங்கள் மேட்டில் இருப்பது கொழுந்து எடை போடுகிற தகரக் கொட்டகை ஒன்றுதான்.

எனக்கு அப்போது கொழுந்து பறித்த எங்கள் வேலைக்காடு ஞாபகம் வந்தது. எடை வண்டி வந்தால் கங்காணி மேட்டிலிருந்து கூப்பிடுவார். முதல் நிரைக்குத்தான் கேட்கும். அங்கிருப்பவள் அடுத்த நிரைக்குக் கத்துவாள், அவள் அடுத்தவளுக்கு. கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். என் நிரைக்கு வந்ததும் அது நின்றுவிடும். எனக்குக் கத்த வராது. பக்கத்துக்காரியை முழங்கையால் இடித்துக் கையைக் காட்டுவேன். "பொன்னுத்தாய்கிட்ட வந்தா சத்தம் செத்துப்போகும்" என்று வேலைக்காடு முழுக்கக் கேலி.

பாய் சொன்னபடி செய்து பார்த்துவிடலாம் என்றார்கள். ஏசுதாஸ் கைச் செட்டோடு குவியலுக்குப் பின்னால் நடந்து போனான். ஜீப்பை லாரி ஏறுகிற சரிவில் பாதி உயரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடமாகப் பார்த்து டில்லி நிறுத்தினான். லாரி ஒன்று பின்னால் வந்து ஆரனை அடிக்க, அவன் இறங்கிப்போய் டிரைவரோடு சண்டை போட ஆரம்பித்தான். ஜீப்புக்குள் நான் மட்டும் இருந்தேன்.

செட்டில் ஏசுதாஸின் குரல் வந்தது. சும்மா கேக்குதா கேக்குதா என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன்.

"பலாமரத்து வளைவு. ஜீப் சேத்துல மாட்டிக்கிச்சு. உள்ள புள்ளத்தாச்சி இருக்கா. அவ அம்மா இருக்காங்க. ஆள் அனுப்புங்க. ஸ்ட்ரெச்சரோட அனுப்புங்க. ஓவர்."

என் கையில் பேசுகிற கட்டை இருந்தது. பாய்க்கு அவன் குரல் கேட்டிருக்காது. டில்லி வெளியே கத்திக்கொண்டிருந்தான். இடிப்பதற்குப் பக்கத்தில் யாருமில்லை.

பொத்தானை அமுக்கினேன். "பலாமரத்து வளைவு" என்றேன். குரல் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "ஜீப் சேத்துல மாட்டிக்கிச்சு. உள்ள புள்ளத்தாச்சி இருக்கா." அதற்கு மேல் "அவ அம்மா இருக்காங்க" என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓவரும் சொன்னேன்.

மொட்டை மாடியில் பாய்க்கு எங்கள் கதை தெரியாது. நாங்கள் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் சிரிக்கவில்லை, நல்லா கேக்குது என்றும் சொல்லவில்லை. "ஆள் கிளம்பியாச்சும்மா. வந்துகினே கீறாங்கன்னு சொல்லு" என்றார்.

"ஆள் கிளம்பியாச்சாம்" என்று நான் ஏசுதாஸுக்குச் சொன்னேன். "வந்துக்கிட்டே இருக்காங்களாம்."

அந்தப் பக்கம் அவன் பொத்தானை அமுக்கியபடியே இருந்திருக்கிறான் போல, காற்று மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்துத்தான் கரிமலையைச் சுற்றிக்கொண்டு வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். கழுத்தெல்லாம் கரியாகத்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் அவன் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தான். டீ வாங்கிக் கொடுத்தான். "மேட்டில யாரை உக்கார வைக்கிறது அத்தை?" என்று கேட்டான். நான் கைச் செட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

வந்து பொருத்திப் பார்த்தோம். பாய் சொன்னபடியேதான். பாதையில் எல்லா இடத்திலிருந்தும் ஆஸ்பத்திரிக்குக் கேட்கிறது, பலாமரத்து வளைவில் மட்டும் கேட்பதில்லை. எடைக் கொட்டகையில் கைச் செட்டோடு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கேட்கிறது. ஜீப் இறங்குகிற போதெல்லாம் நான் அங்கே போய் உட்காருகிறேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதுவரைக்கும் காய்ச்சல்காரர்களும் கால் முறிந்தவர் ஒருவரும் இறங்கியிருக்கிறார்கள். கம்பவுண்டர் என் குரல் தெளிவாக இருக்கிறது என்று சொன்னாராம். லைனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மழை பிடித்துவிட்டது. தவமணிக்கு வயிறு இறங்கியிருக்கிறது. இன்றோ நாளையோ என்கிறாள் மருத்துவச்சி.

போன வாரம் ஒரு கிளை முறிந்து விழுந்ததில் ஜீப்பின் ஏரியல் கம்பி ஒடிந்து, ஒடிந்த துண்டு பள்ளத்தில் போய்விட்டது. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏசுதாஸ் வேறு கம்பி கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். அளவு எனக்குத்தான் தெரியும். நான் சாணை வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டரைச் சாண் என்பது நிச்சயம். அது ஸ்பிரிங்கையும் சேர்த்தா, ஸ்பிரிங்குக்கு மேலே கம்பி மட்டுமா? பாய் தொட்டுக் காட்டினார். நான் சுறாப்புட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்குக் கம்பங்கள் சாய்ந்ததில் ஆஸ்பத்திரி டெலிபோனும் போய்விட்டது, கீழே செல்போனும் போய்விட்டது. பாயைக் கேட்க வழியில்லை.

இப்போதைக்கு ஸ்பிரிங்கைச் சேர்க்காமல், கம்பி மட்டுமே இரண்டரைச் சாண் வரும்படி வெட்டச் சொல்லியிருக்கிறேன். நீளமாக இருந்தால் பிறகு குறைக்கலாம், குறைத்துவிட்டால் ஒட்ட முடியாது. பேசிப் பார்த்தால் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் செட்டு லேசாகச் சுடுகிற மாதிரி ஏசுதாஸ் சொல்கிறான். எனக்குத் தொட்டால் தெரியவில்லை, என் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

நான் எழுதியதில் ஊர்ப் பெயர், பலகாரத்தின் பெயர் எதுவும் தப்பாக இருந்தால் போகட்டும். இந்தப் பத்திரிகை கீழே போகும்போது யாராவது வயர்லெஸ் தெரிந்தவர் படித்தால் அந்த ஒரு அளவை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் செட்டில் வந்து சொன்னாலும் போதும். மேட்டில்தான் இருக்கிறேன், எனக்குக் கேட்கும்.